ஆல்டரின் எபிரேய வேதாகமம்: மூன்று தொகுதிகள், ஒரே மொழிபெயர்ப்பாளர்

கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்று அழைக்கும் எபிரேய வேதாகமத்தை இன்றைய ஆங்கிலத்தில் படிக்க விரும்புகிறவருக்கு மொழிபெயர்ப்புகளுக்குப் பஞ்சமில்லை. 1978இல் முழுமையடைந்த நியூ இன்டர்நேஷனல் வெர்ஷன், அமெரிக்காவின் யூத வெளியீட்டுக் கழகம் 1985இல் ஒரே தொகுதியாகக் கொண்டுவந்த 'தனாக்', 1989ஆம் ஆண்டின் நியூ ரிவைஸ்டு ஸ்டாண்டர்டு வெர்ஷன் ஆகிய மூன்றுமே அறிஞர் குழுக்கள் பல ஆண்டுகள் கூடிப் பேசி, வசனம் வசனமாக விவாதித்து உருவாக்கியவை. நியூயார்க்கின் டபிள்யூ. டபிள்யூ. நார்ட்டன் பதிப்பகம் 2018 டிசம்பரில் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட 'த ஹீப்ரூ பைபிள்' பிறந்த விதமே வேறு. ஆதியாகமத்தின் முதல் வரியிலிருந்து நாளாகமத்தின் கடைசி வரி வரை ராபர்ட் ஆல்டர் என்ற ஒருவரே மொழிபெயர்த்து, பக்கந்தோறும் குறிப்புரையும் எழுதியிருக்கிறார். மூவாயிரம் பக்கங்களைத் தாண்டும் இந்தப் பதிப்பின் பட்டியல் விலை, வெளியானபோது 125 டாலராக இருந்தது. அந்தப் பணத்துக்கு வாசகருக்கு என்ன கிடைக்கிறது, எது கிடைக்கவில்லை என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

1935இல் பிறந்த ஆல்டர், பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எபிரேயமும் ஒப்பிலக்கியமும் கற்பித்தவர். இறையியல் கல்லூரியிலிருந்து வந்தவரல்லர். நாவல்களைப் பற்றி எழுதிப் பழகிய விமர்சகர். வேதாகமக் கதைகளின் சொல்முறையை ஆராய்ந்து 1981இல் அவர் வெளியிட்ட நூல், அதுவரை மூல ஆவணங்களைப் பிரித்துக் காட்டுவதிலேயே முனைப்பாயிருந்த துறையை, கதை சொல்லப்பட்டிருக்கும் விதத்தின் பக்கமும் திரும்பிப் பார்க்க வைத்தது. மொழிபெயர்ப்பு வேலை அதற்குப் பிறகு மெதுவாகத்தான் வளர்ந்தது. 1996இல் ஆதியாகமம் தனி நூலாக வந்தது; 1999இல் சாமுவேலின் இரண்டு புத்தகங்கள், 2004இல் மோசேயின் ஐந்து ஆகமங்கள், 2007இல் சங்கீதங்கள், 2010இல் யோபு, நீதிமொழிகள், பிரசங்கி என்று தொடர்ந்து, முதல் நூல் வந்து 22 ஆண்டுகளுக்குப் பிறகு முழுமை பெற்றது. பழைய தனி நூல்களை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவருக்கு, மூன்று தொகுதிகளும் சேர்ந்த இந்தப் பெட்டியில் கணிசமான பகுதி இரண்டாம் முறை வாங்குவதாகவே அமையும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

புத்தகங்களின் வரிசை யூத மரபைப் பின்பற்றுகிறது. தோரா, தீர்க்கதரிசிகள், எழுத்துகள் என்ற மூன்று பிரிவுகளே மூன்று தொகுதிகளாகியிருக்கின்றன. மல்கியாவில் முடியும் பழைய ஏற்பாட்டுக்குப் பழகியவர்கள் தானியேலையும் ரூத்தையும் மூன்றாம் தொகுதியில் தேட வேண்டியிருக்கும்.

ஆல்டருக்கு நவீன மொழிபெயர்ப்புகள் மீது ஒரு பெரும் மனக்குறை உண்டு. வாசகருக்கு எங்கே புரியாமல் போய்விடுமோ என்ற கவலையில் மொழிபெயர்ப்பாளர்கள் மூலத்தை விளக்கவே முற்பட்டுவிடுகிறார்கள் என்கிறார். அந்தப் போக்கை வேதப்புரட்டுக்குச் சமமாக வைத்து முன்னுரையில் கண்டிக்கவும் செய்கிறார். சொல் கடுமையானதுதான். ஆனால் அது வெறும் கோபமன்று என்பதற்கு ஆதியாகமம் 25ஆம் அதிகாரத்தின் இறுதியிலேயே சான்று கிடைக்கிறது.

வேட்டையிலிருந்து களைத்து வரும் ஏசா, தம்பி யாக்கோபு காய்ச்சிக்கொண்டிருக்கும் பயற்றங்கூழைப் பார்க்கிறான். எபிரேய மூலத்தில் அவன் வாயில் கூழ் என்ற சொல்லே வருவதில்லை. பசியில் பெயர்கூட நினைவுக்கு வராதவனைப் போல 'அந்தச் சிவப்பை, இந்தச் சிவப்பை' என்கிறான். 'கொடு' என்ற இடத்தில் அவன் பயன்படுத்தும் வினையும் வேதாகமத்தில் வேறெங்கும் காணப்படாதது. பிற்கால யூத ஆசான்களான ரபிமாரின் எபிரேயத்தில் அது கால்நடைக்குத் தீனி போடுவதைக் குறித்தது. புகழ்பெற்ற பழைய ஆங்கில வேதாகமமான கிங் ஜேம்ஸ் பதிப்பின் மொழிபெயர்ப்பாளர்கள் அந்த வெற்றிடத்தில் 'பாட்டேஜ்' என்ற சொல்லை வைத்து நிரப்பி ஏசாவை ஒழுங்காகப் பேச வைத்துவிட்டார்கள். ஆல்டரின் ஏசாவோ 'ரெட் ரெட் ஸ்டஃப்' என்று திணறுகிறான். அதை விழுங்கத் தரும்படி கேட்க 'கல்ப் டவுன்' என்ற வினையைப் பயன்படுத்துகிறான். மூத்த மகனுக்குரிய தன் உரிமையை ஒரு கிண்ணக் கூழுக்கு விற்கப்போகிறவன் எப்படிப்பட்டவன் என்பதை ஆசிரியர் தனியாக எடுத்துச் சொல்லாமல், அவன் பேச்சிலேயே காட்டிவிட்ட இடம் இது. கூழ் என்று திருத்திக் கொடுத்த கணத்திலேயே அந்தக் காட்டல் மறைந்துவிடுகிறது.

அதே அதிகாரத்தின் கடைசி வசனம் இன்னும் கூர்மையானது. ஏசா சாப்பிட்டான், குடித்தான், எழுந்தான், போனான், உரிமையை அலட்சியம் செய்தான் என்று ஐந்து வினைகள் எபிரேயத்தில் ஒரே அச்சில் வார்த்தவை போல அடுத்தடுத்து வருகின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் 'வ' என்ற அதே இணைப்பு ஒட்டியிருக்கிறது. முதல் நான்கும் உடலின் செயல்கள்; ஐந்தாவது, ஒரு வாழ்க்கையையே திசைதிருப்பும் செயல். ஆனால் சொல்கிறவர் குரலை உயர்த்துவதில்லை, நிறுத்தி மூச்சு வாங்குவதும் இல்லை. கிங் ஜேம்ஸ் பதிப்பு இந்த இடத்தில் ஐந்தாம் வினைக்கு முன் 'தஸ்' என்று சேர்த்தது. யூத வெளியீட்டுக் கழகத்தின் 1985ஆம் ஆண்டுப் பதிப்பு முற்றுப்புள்ளி வைத்து, புது வாக்கியத்தை அதே 'தஸ்' கொண்டு தொடங்கியது. நாம் வாசித்துப் பழகிய தமிழ் வேதாகமமும் 'எழுந்திருந்து போய்விட்டான்' என்று நிறுத்திய பின் 'இப்படி' என்றே தொடர்கிறது. அந்த ஒரு சொல் சேர்ந்தவுடன் கதை முடிந்து தீர்ப்பு தொடங்கிவிடுகிறது. ஆல்டர் எதையும் சேர்ப்பதில்லை. 'அண்ட்' என்ற இணைப்பைக் கொண்டே ஐந்தையும் கோத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

இந்த 'அண்ட்' விவகாரம் மூன்று தொகுதிகளிலும் தொடர்கிறது. எபிரேய உரைநடை தன் வாக்கியங்களைக் காரணகாரியங்களாக அடுக்காமல் அருகருகே வைத்துக்கொண்டே போகிறது. 'ஆகையால்', 'இருந்தபோதிலும்' போன்ற உறவுகளை வாசகர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். தற்கால ஆங்கில உரைநடைக்கு இது பழக்கமற்றது என்பதால் குழு மொழிபெயர்ப்புகள் 'வென்', 'சின்ஸ்', 'சோ' என்று ஆணியடித்து இறுக்கிவிடுகின்றன. அவற்றைப் பிடுங்கியெடுத்த பின் கிடைக்கும் நடை முதல் சில அதிகாரங்களில் மூச்சுமுட்ட வைக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் ரெபெக்காள் கிணற்றடியில் ஒட்டகங்களுக்குத் தண்ணீர் வார்க்கும் காட்சிக்கு வந்துசேரும்போது, அவள் இறங்கி, நிரப்பி, ஏறி, விரைந்து, ஊற்றி, மறுபடியும் ஓடும் வேகமும் அந்த இணைப்புகளின் வேகமும் ஒன்றாகிவிடுகின்றன.

திரும்ப வரும் சொல் ஒவ்வொரு முறையும் ஒரே ஆங்கிலச் சொல்லாகவே வரவேண்டும் என்பது அவருடைய இரண்டாவது பிடிவாதம். யோசேப்பின் அங்கியை ஆட்டுக்கடாவின் இரத்தத்தில் தோய்த்துத் தகப்பனிடம் கொண்டுவந்து காட்டும் சகோதரர்கள் 'அடையாளம் பாரும்' என்கிறார்கள். அடுத்த அதிகாரத்திலேயே, மாமனார் யூதாவினால் கருவுற்றதற்காக எரிக்கப்படவிருந்த தாமார், அவனுடைய முத்திரையையும் கோலையும் அனுப்பி, அதே இரண்டு எபிரேயச் சொற்களால் 'அடையாளம் பாரும்' என்கிறாள். தம்பியை விற்க யோசனை சொன்ன யூதா, தகப்பனை ஏமாற்றிய அதே வார்த்தையாலேயே பிடிபடுகிறான். ஆதியாகமத்துக்கு எழுந்த பழைய யூத விளக்க நூலான பெரேஷித் ரப்பா இதைக் கவனித்து, இரண்டு இடங்களையும் நேரடியாகவே முடிச்சுப் போட்டிருக்கிறது. கிங் ஜேம்ஸ் பதிப்பில் முதல் இடத்தில் 'நோ' (அறி) என்றும் இரண்டாம் இடத்தில் 'டிசர்ன்' என்றும் இருப்பதால் ஆங்கிலத்தில் படித்தவர்களுக்கு அந்த முடிச்சே தெரியாமல் போனது. ஆல்டரில் இரண்டு இடத்திலும் 'ரெகக்னைஸ்'. கிங் ஜேம்ஸ் பதிப்பின் நடையைத் தம் முன்மாதிரிகளுள் ஒன்றாக வெளிப்படையாகவே மதிப்பவர் ஆல்டர் என்பதால், அதனிடமிருந்து அவர் விலகும் இடங்களுக்குத் தனி எடை உண்டு.

மூன்றாவது, உடலைக் குறிக்கும் சொற்களை உடலாகவே விட்டுவைப்பது. 'நெஃபெஷ்' என்ற எபிரேயச் சொல்லுக்குத் தொண்டை, மூச்சு, உயிர் என்று பொருள்கள் விரிகின்றன. உடலைவிட்டுப் பிரிந்து வாழும் ஆத்துமா என்ற பிற்கால எண்ணம் அதில் இல்லை. 69ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தில் ஒருவன் மூழ்கிக்கொண்டே கூப்பிடுகிறான். கிங் ஜேம்ஸ் பதிப்பில் தண்ணீர் அவன் 'சோல்' வரை வருகிறது; தமிழ் வேதாகமத்தில் 'ஆத்துமாமட்டும்' பெருகி வருகிறது. ஆல்டரில் வெள்ளம் கழுத்தளவுக்கு வந்துவிட்டது. சேற்றில் கால் பாவாமல் தத்தளிக்கிறவன் கத்துவது காதில் விழ இந்த ஒரு மாற்றம் போதுமானதாயிருக்கிறது. நியாயமாகச் சொல்வதானால், 1985ஆம் ஆண்டு யூதப் பதிப்பிலும் அங்கே கழுத்துதான் இருக்கிறது. 23ஆம் சங்கீதத்திலும் அந்தப் பதிப்பு ஆத்துமாவைக் கைவிட்டு உயிரைப் புதுப்பிப்பதாகவே எழுதியது. ஆக, இந்தத் துணிவுக்கு ஆல்டரை மட்டும் பாராட்டும் மதிப்புரைகள் கொஞ்சம் அவசரப்பட்டவை. அவர் செய்தது இதை ஒரு கொள்கையாக்கி முழு நூலிலும் தளராமல் கடைப்பிடித்ததே. பிரசங்கியின் புகழ்பெற்ற தொடக்க வரியிலும் 'வேனிட்டி' போய், 'மியரஸ்ட் பிரெத்' என்று வெறும் மூச்சு வந்திருக்கிறது. தமிழில் 'மாயை' என்று படித்து வளர்ந்தவர்களுக்கு, அந்தச் சொல் நம் தத்துவ மரபிலிருந்து எவ்வளவு சுமையை உள்ளே கொண்டுவந்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைக்கும்.

இனி குறைகள். இது இன்றைய வாசகருக்கான நவீன ஆங்கிலம் என்று விளம்பரம் சொன்னால் அதை அப்படியே ஏற்க வேண்டாம். கெஞ்சலைக் குறிக்க 'ப்ரே' என்ற சொல்லை ஆல்டர் இன்னும் புழங்குகிறார். பள்ளத்தாக்குக்கு 'வேல்' வருகிறது. சொற்கள் ஆங்கிலத்தின் இயல்பான வரிசையிலிருந்து அடிக்கடி புரண்டு நிற்கின்றன. 23ஆம் சங்கீதத்தில் புல்வெளிகள் முதலிலும் படுக்கவைக்கும் வினை பின்னாலும் வருவது எபிரேய வரிசையே. வினையைக் கடைசியில் வைத்துப் பழகிய நமக்கு அது உறுத்துவதில்லை, ஆங்கிலத்தை மட்டுமே அறிந்தவருக்கு உறுத்தக்கூடும். ஓசைக்காக அவர் செய்யும் சில தேர்வுகளும் எல்லாருக்கும் ஒத்துவராது. படைப்புக்கு முந்திய நிலையைச் சொல்லும் 'தோஹு வவோஹு' என்ற ஒலியொத்த இணையை 'வெல்டர் அண்ட் வேஸ்ட்' என்று ஆக்கியிருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் 'வெல்டர்' என்ற சொல்லைத் தெரியாத ஒருவருக்கு முதல் பக்கத்திலேயே அகராதி தேவைப்படும். (அதே வாக்கியம் 'தேவன் படைக்கத் தொடங்கியபோது' என்று ஆரம்பிப்பதைச் சிலர் ஆல்டரின் புதுமையாகக் கருதுகிறார்கள், யூத வெளியீட்டுக் கழகத்தின் தோரா 1962இலேயே அப்படித்தான் தொடங்கியது, இலக்கண அடிப்படையில் அந்த வாசிப்பை முன்வைத்த யூத உரையாசிரியர் ராஷியோ 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர்.)

மூன்று தொகுதிகளும் ஒரே தரத்தில் இல்லை. ஆதியாகமமும் சாமுவேலும் உச்சம். தாவீதின் வயோதிகமும் அப்சலோமின் கலகமும் இந்த ஆங்கிலத்தில் அரசியல் நாவல் போலவே ஓடுகின்றன. நாபாலின் வீட்டில் ஒரு ஆண்பிள்ளையையும் விடமாட்டேன் என்று தாவீது சூளுரைக்கும்போது மூலத்தில் இருக்கும் சுவரோரச் சிறுநீரை நாசூக்காகத் துடைக்காமல் விட்டிருப்பது, கூலிப்படைத் தலைவனாகத் திரிந்த காலத்துத் தாவீதின் வாய்க்கு மிகப் பொருத்தம். யோபுவின் கவிதையும் அப்படியே. தான் பிறந்த நாளைச் சபிக்கும் முதல் வரி எபிரேயத்தில் நான்கே சொற்களில் முடிகிறது. 'அந்த நாள் அழிக' என்று நீளும் கிங் ஜேம்ஸ் வரியை விட்டுவிட்டு ஆல்டர் 'அனல்' (இல்லாமலாக்கு) என்ற ஒற்றை ஆங்கில வினையைத் தலையில் வைத்துத் தொடங்குவதால், மூலத்தின் இறுக்கம் ஓரளவுக்காவது ஆங்கிலத்தில் பிடிபடுகிறது. ஆனால் லேவியராகமத்தின் பலிச் சட்டங்களில் இந்த முறை கைகொடுப்பதில்லை. அங்கே தேவைப்படுவது தெளிவு. எந்தப் பாகத்தை எரிக்க வேண்டும், எதை ஆசாரியன் உண்ணலாம் என்று அறிய விரும்புகிறவருக்கு 1985ஆம் ஆண்டுப் பதிப்பே உதவும். எசேக்கியேலிலும் சிறிய தீர்க்கதரிசிகளிலும் மொழிபெயர்ப்பாளரின் உற்சாகம் குறைந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது. குறிப்புரையும் அங்கே மெலிகிறது.

குறிப்புரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது நூலின் பின்னால் ஒதுக்கப்படாமல் அதே பக்கத்தில் மொழிபெயர்ப்புக்குக் கீழே ஓடுகிறது. சில பக்கங்களில் பாதிக்கு மேல் அதுவே. ராஷி, இப்னு எஸ்ரா போன்ற இடைக்கால உரையாசிரியர்களும் தற்கால ஆய்வாளர்களும் ஒரே பத்தியில் வந்துபோகிறார்கள். மூலம் சிதைந்திருக்கும் இடங்களில் ஆல்டர் எந்தப் பாடத்தை ஏற்கிறார், ஏன் என்பதை மறைக்காமல் சொல்கிறார். உபாகமம் 32:8இல் மரபு எபிரேயப் பாடம் ஜனங்களின் எல்லைகள் இஸ்ரவேல் புத்திரரின் எண்ணிக்கைப்படி வகுக்கப்பட்டதாகச் சொல்கிறது. சாக்கடலோரக் கும்ரான் குகைகளில் கிடைத்த பழஞ்சுருளின் துண்டில் அந்த இடத்தில் தேவபுத்திரர் இருக்கிறார்கள். ஆல்டர் இரண்டாவதன் பக்கம் நின்று, பல தெய்வங்களின் எண்ணிக்கை என்று பொருள்படவே மொழிபெயர்க்கிறார். விசுவாசத்தோடு வாசிக்கிறவர்களில் சிலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கலாம். ஆனால் காரணம் பக்கத்திலேயே இருப்பதால் ஏற்கவும் மறுக்கவும் வழியிருக்கிறது. இதற்கு மாறாக, பக்தி வாசிப்புக்கோ பிரசங்கத்துக்கோ உதவும் குறிப்புகளை எதிர்பார்த்தால் ஏமாற்றமே கிடைக்கும். அவருடைய கேள்விகள் எல்லாம் ஒரு பாத்திரம் இந்த இடத்தில் ஏன் பேசாமலிருக்கிறது, உரையாடலில் யார் முதலில் வாய் திறக்கிறார் என்ற வகையானவை.

எபிரேய மூலம் எதிர்ப்பக்கத்தில் அச்சிடப்படவில்லை. இவ்வளவு தூரம் மூலத்தின் சொல்லையும் ஓசையையும் பேசுகிற நூலுக்கு இது பெரிய இழப்பு, தொகுதிகள் இன்னும் தடித்துவிடும் என்ற சமாதானத்தை ஏற்றுக்கொண்டாலும் கூட. அந்தக் குறையை ஈடுசெய்ய எளிய வழி, எபிரேயமும் ஆங்கிலமும் அருகருகே இருக்கும் யூத வெளியீட்டுக் கழகத்தின் 1999ஆம் ஆண்டுப் பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது. அல்லது இணையத்தில் கட்டணமின்றி மூலத்தையும் பல மொழிபெயர்ப்புகளையும் தரும் செஃபாரியா தளத்தைத் திறந்துவைத்துக்கொள்வது.

அதே கழகம் 2023இல் தன் மொழிபெயர்ப்பைப் பாலினச் சொற்களில் கவனம் செலுத்தித் திருத்தி வெளியிட்டது. 'லார்ட்' என்ற ஆண்பாற் பட்டத்துக்குப் பதிலாகப் பெரிய எழுத்துகளில் 'காட்' என்றே அதில் வருகிறது. ஆல்டர் இந்தத் திசையில் போகவில்லை. 'லார்ட்' அப்படியே இருக்கிறது, முதல் சங்கீதத்தில் பாக்கியவானாகிய மனிதனும் ஒருமையிலேயே நிற்கிறான். அந்த இடத்தைப் பன்மையாக்கிய 1989ஆம் ஆண்டுப் பதிப்பின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் துன்மார்க்கர், பாவிகள், பரியாசக்காரர் என்று கூட்டம் கூட்டமாக வருகிறவர்களுக்கு எதிரே ஒருவன் தனித்து நிற்பதுதான் அந்தச் சங்கீதத்தின் அமைப்பு. அவனையும் கூட்டமாக்கிவிட்டால் அந்த எதிர்நிலை மழுங்கிவிடுகிறது. சொல்முறைக்கு இதைவிடவும் விசுவாசமான பதிப்பு வேண்டுமென்பவர்கள் எவரெட் ஃபாக்ஸ் 1995இல் வெளியிட்ட ஐந்து ஆகமங்களைப் பார்க்கலாம். யூதத் தத்துவ அறிஞர்களான பூபரும் ரோசென்ஸ்வைக்கும் ஜெர்மனில் தொடங்கிய முறையில், உரக்க வாசிப்பதற்கென்றே செய்யப்பட்டது அது. அதோடு ஒப்பிட்டால் ஆல்டரின் ஆங்கிலம் வழுவழுப்பானது என்றே தோன்றும்.

வாங்குவதைப் பற்றி: முழுப் பெட்டியையும் உடனே வாங்கும்படி எல்லாருக்கும் சொல்லமாட்டேன். வேதாகமத்தை முதன்முறையாக ஆங்கிலத்தில் படிக்கிறவருக்கும், நாளுக்கு இத்தனை அதிகாரம் என்று திட்டமிட்டு ஓராண்டில் முடிக்க விரும்புகிறவருக்கும் 1985ஆம் ஆண்டு யூதப் பதிப்பு போதும். கையில் பிடிக்கவும் அதுவே வசதி. கதைகளை முன்பே அறிந்து, அவை எழுதப்பட்டிருக்கும் விதத்தை நெருங்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர் 1999இல் வந்த சாமுவேல் மொழிபெயர்ப்பிலிருந்து தொடங்கலாம். அது தாளட்டையில் தனியாகக் கிடைக்கிறது, ஆல்டர் தம் முழுப் பலத்தோடு இருப்பதும் அதில்தான். அது பிடித்துப்போனால் ஐந்து ஆகமங்களின் தனித்தொகுதி, அதற்குப் பிறகு யோபு அடங்கிய தொகுப்பு. தீர்க்கதரிசிகளின் பகுதியும் வேண்டுமென்று மனம் கேட்கும் நாளில் பெட்டியைப் பற்றி யோசித்துக்கொள்ளலாம்.